முசியேவின் ரேஸ் தாள்

நாற்பதைத் தொட்டுக்கொண்டிருக்கும் என் வயதுக்காரர்களே, கடைச் சீட்டைக் கை நீளத்துக்குத் தள்ளிப் பிடித்துக்கொண்டு, வெளிச்சம் பத்தவில்லை என்று பொய் சொல்ல ஆரம்பித்துவிட்டோம் இல்லையா? நானும்தான். போன வாரம் மருந்து அட்டையில் இருந்த பொடி எழுத்தை மகளிடம் கொடுத்துப் படிக்கச் சொன்னேன். அவள் படித்ததை அப்படியே நம்பி மாத்திரையைப் போட்டுக்கொண்டேன். போட்ட பிறகுதான் முசியே நினைவுக்கு வந்தார். அவர் என்னை இப்படித்தான் நம்பினார். நான் என்ன செய்தேன் என்று இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. உங்களிடம் சொல்லிவிடுகிறேன்.

நான் எட்டாவது படித்த வருஷம் அது. இரண்டாயிரத்தைப் பெரிய கூச்சலோடு வரவேற்று முடித்திருந்தோம். செல்போன் இன்னும் பணக்காரர்களின் இடுப்பில்தான் தொங்கிக்கொண்டிருந்தது. நெல்லித்தோப்பு மார்க்கெட்டுக்குப் பின்னால் ஒரு சந்தில் எங்கள் வீடு. எங்கள் வீடு என்றால் மாடி மட்டும். கீழே வீட்டுக்காரர் இருந்தார். பிரெஞ்சுப் பட்டாளத்தில் வேலை பார்த்துவிட்டு பென்ஷனோடு ஊர் திரும்பியவர். அப்படிப்பட்டவர்களை நம் ஊரில் சொல்தா என்பார்கள். உங்கள் தெருவிலும் ஒருவர் இருந்திருப்பார். எங்கள் சந்து மொத்தமும் அவரை முசியே என்றுதான் கூப்பிட்டது, பிரெஞ்சில் ஐயா என்று அர்த்தம். வாடகை கொடுக்கப் போகும்போது அம்மாகூட "முசியே இருக்காரா?" என்றுதான் கதவைத் தட்டுவாள்.

முசியே நல்ல உயரம். இஸ்திரி போட்ட அரைக்கால் சட்டை, மேலே பனியன். காலையில் நீள ரொட்டியைப் பிட்டுக் காப்பியில் நனைத்துச் சாப்பிடுவார். அந்தக் காப்பியின் சிக்கரி வாசனை படியேறி எங்கள் அடுப்படி வரைக்கும் வரும். அவருடைய மனைவியை மதாம் என்போம். மதாம் இறந்து சில வருஷங்கள் ஆகியிருந்தன. மாதத்தின் முதல் வெள்ளிக்கிழமை ரிக்‌ஷா வைத்துக்கொண்டு, மடியில் சம்பங்கி மாலையோடு கல்லறைக்குப் போய்விட்டு வருவார். ஒரே மகன் பிரான்சில். அந்த அண்ணன் வாரம் ஒரு தடவை போன் செய்வதற்காகவே முசியேவின் கூடத்தில் ஒரு டெலிபோன் இருந்தது. மதாம் பின்னிய வெள்ளை லேஸ் துணியைப் போர்த்திக்கொண்டு அது மற்ற நேரமெல்லாம் பெரும்பாலும் சும்மா கிடக்கும்.

முசியேவுக்கு ரேஸ் பைத்தியம். சென்னை பஸ்ஸில் ஓடும் கண்டக்டர் ஒருவர் சனிக்கிழமை மத்தியானம் மறுநாள் கிண்டியில் ஓடப்போகும் குதிரைகளின் ரேஸ் புத்தகத்தைக் கொண்டுவந்து கொடுப்பார். ஞாயிறு அவருக்கு ஓய்வு நாள். முசியே எழுதிக் கொடுத்த சீட்டை எடுத்துக்கொண்டு அவரே கிண்டிக்குப் போய்ப் பந்தயம் கட்டிவிட்டு, ஒவ்வொரு ரேஸ் முடிந்ததும் வெளியே இருக்கும் காசு போனிலிருந்து கூப்பிட்டு முடிவைச் சொல்வார். மெதுவாகப் பேச அவருக்குத் தெரியாது. பஸ்ஸில் "டிக்கெட் டிக்கெட்" என்று கத்திப் பழகிய தொண்டை. ரிசீவரிலிருந்து வரும் சத்தம் எங்கள் மாடிப்படி வரைக்கும் கேட்கும்.

இதில் என் அப்பாவுக்கு என்ன வேலை என்று கேட்பீர்கள். அப்பா பஞ்சாலையில் நூலின் கனத்தை நிறுத்துப் பார்க்கும் பிரிவில் இருந்தவர். ஆலை மூடியதும் சினிமா கொட்டகை சைக்கிள் ஸ்டாண்டில் டோக்கன் கொடுக்கிற வேலைக்குப் போனார். நாள் முழுக்க எண்களோடு வாழ்ந்த மனுஷன், தகர டோக்கனை நீட்டிக்கொண்டு எத்தனை நேரம் உட்கார்ந்திருக்க முடியும்? ஒரு சனிக்கிழமை முசியேவின் மேஜையில் கிடந்த ரேஸ் புத்தகத்தைப் புரட்டியவர் அதிலேயே விழுந்துவிட்டார். இளஞ்சிவப்புத் தாள், மண்ணெண்ணெய் வாசனை அடிக்கும் மை. ஒவ்வொரு குதிரைக்கும் பெயர், ஜாக்கி, சுமக்கும் எடை, ஓடும் தூரம், கடைசி ஐந்து ஓட்டங்களில் எத்தனையாவதாக வந்தது, மறுநாள் என்ன விலை கிடைக்கும் என்ற கணிப்பு. ஒரே வரியில் ஒரு குதிரையின் ஜாதகம்.

அம்மா தையல் கம்பெனியில் வேலை பார்த்தாள். அவள் ஒரே ஒரு நிபந்தனைதான் வைத்தாள்.

"பாக்கறதுன்னா பாருங்க. ஒரு பைசா கட்டினீங்க, பொண்ணைக் கூட்டிக்கிட்டு மூலக்குளத்துக்கு எங்கம்மா வீட்டுக்குப் போயிடுவேன்."

அப்பா கடைசி வரைக்கும் கட்டவில்லை. கணக்குப் போடுவதோடு சரி.

முசியேவுக்கு இதில் ஒரு கொள்கை இருந்தது. "கமராட்," என்பார் அப்பாவை. பட்டாளத்தில் தோழனைக் கூப்பிடுகிற வார்த்தையாம். "எந்தக் குதிரை ஜெயிக்கும்னு கேக்கறவன் கழுதை. இந்தக் குதிரைக்கு இந்த விலை சரியான்னுதான் கேக்கணும்." விலை ஒன்று என்றால் ஒரு ரூபாய்க்கு ஒரு ரூபாய். ஊரே அந்தக் குதிரையின் பின்னால் நிற்கிறது என்று அர்த்தம். விலை பன்னிரண்டு என்றால் அதை யாரும் சீந்தவில்லை. யாரும் சீந்தாத, ஆனால் ஓடக்கூடிய குதிரையைக் கண்டுபிடிப்பதுதான் வித்தை.

இதைப் படியில் நின்று கேட்ட அம்மாவுக்குச் சட்டென்று புரிந்துவிட்டது. "வஞ்சிரம் நல்ல மீன்தான், யாரு இல்லேன்னா? அதுக்கு மீன்காரி சொல்ற விலையைக் குடுத்தா நான்தான் ஏமாளி. நல்ல சங்கரா மலிவா கெடச்சா வாங்கிட்டு வந்துடணும்."

"போன்!" என்று பிரெஞ்சில் சபாஷ் போட்டு முசியே மேஜையைத் தட்டினார். "கமராட், உன் வீட்டம்மா கிண்டிக்கு வந்தா பந்தயம் வாங்கற புக்கிங்க எல்லாம் கடையைச் சாத்திட்டு ஓடிடுவானுங்க."

அம்மாவுக்குப் பெருமை தாங்கவில்லை. அன்றைக்குக் குழம்பு ஒரு கிண்ணம் கீழே போனது.

அந்தப் பருவம் தொடங்கிக் கொஞ்ச நாளில் முசியேவின் கண்ணில் புரை முற்றிவிட்டது. ஆபரேஷன் என்றால் அடுத்த மாதம், அடுத்த மாதம் என்று தள்ளிக்கொண்டே போனார். குண்டுக்கு முன்னால் நின்றவருக்குக் கத்திக்கு முன்னால் படுக்க பயம். புத்தகத்தின் பொடி எழுத்து தெரியாமல் போனதும் அப்பா ஒரு வேலை செய்தார். சனிக்கிழமை மத்தியானம் முழு வெள்ளைத் தாளில், கறுப்பு ஸ்கெட்ச் பேனாவால், நகம் அளவு பெரிய எழுத்தில் எல்லாக் குதிரைகளையும் எழுதிக் கொடுப்பார். முசியே பூதக்கண்ணாடியை வைத்துக்கொண்டு மூக்கு தாளில் இடிக்க அதைப் படித்து மறுநாளைக்கு முடிவெடுப்பார். அதற்குப் பிறகு அவர் பல வாரம் ஜெயித்தார். மார்க்கெட் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தார். "கண்ணு போனப்புறம் எனக்கு மூளை தெளிஞ்சிருக்கு."

தை மாதம் பிரான்சிலிருந்து அண்ணன் வந்தார். நல்ல மனுஷன். எனக்கு ஒரு டப்பா சாக்லேட் கொடுத்தார். அந்த டப்பாவில் வெகு காலம் பாட்டரி, ரப்பர் பேண்ட், சாவி எல்லாம் போட்டு வைத்திருந்தோம். வீடு மாற்றும்போது தொலைந்தது. வந்த மூன்றாம் நாளே அவருக்கு முகம் வாடிவிட்டது. முசியே காப்பியில் உப்பைப் போட்டுவிட்டார். பாலை அடுப்பில் வைத்துவிட்டுக் கல்லறைக்குக் கிளம்பிவிட்டார். புகை வந்து, அம்மா ஓடிப்போய் அணைத்தாள். அதற்கு மேல் இந்த ரேஸ்.

ஒரு சாயங்காலம் கீழே சத்தம். அண்ணன் தமிழை ஒரு மாதிரி உருட்டிப் பேசுவார்.

"பப்பா, நீங்க இங்க தனியா இருக்க முடியாது. டிக்கெட் வாங்கிட்டேன். என்கூட வாங்க."

"அங்க வந்து? நாலாவது மாடியில ஜன்னலைப் பாத்துக்கிட்டு உக்காரவா? உங்கம்மா இங்கதான் இருக்கா."

"அம்மா செத்துட்டாங்க பப்பா. உங்களுக்குத் தலை சரியில்ல. பென்ஷனைக் குதிரைக்குப் போடறீங்க."

பிறகு முசியேவின் குரல், ரொம்ப நிதானமாக. "என் தலை சரியா இருக்கா இல்லையான்னு இந்த ஞாயித்துக்கெழமை பாரு. ஆறு ரேஸ். ஆறுக்கும் நான் ஒரே அளவு கட்டறேன். சாயங்காலம் போட்டதுக்கு மேல வந்தா நீ டிக்கெட்டைக் கிழிச்சுடணும். வரலேன்னா நான் பெட்டியைக் கட்டறேன். சொல்தா சொன்னா சொன்னதுதான்."

அண்ணன் ஏன் ஒத்துக்கொண்டார் என்று இப்போது யோசிக்கிறேன். அப்பன் தோற்று, தானாக வாயை மூடிக்கொண்டு கிளம்பட்டும் என்று நினைத்திருப்பார். ஒரு மனுஷனின் மூளையைக் குதிரையின் காலில் கட்டிப் பார்க்கிறார்களே என்று அன்றைக்கு யாருக்கும் தோன்றவில்லை. அம்மா வீராம்பட்டினத்து அம்மனுக்கு வேண்டிக்கொண்டாள். "அம்மனுக்கு ரேஸ் தெரியுமாம்மா?" என்று கேட்டு ஒரு குட்டு வாங்கினேன். எனக்கும் உள்ளுக்குள் பயம்தான். முசியே போய்விட்டால் வீட்டை விற்றுவிடுவார்கள் என்பது ஒரு பக்கம். அவர் இல்லாத கீழ்வீட்டை என்னால் நினைத்தே பார்க்க முடியவில்லை. பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் "வா பெத்தீத்" என்று, குட்டிப் பெண்ணே என்று பிரெஞ்சில் கூப்பிட்டு, ரொட்டியில் வெண்ணெய் தடவிக் கொடுக்கிற கை அது.

அந்தச் சனிக்கிழமை கொட்டகையில் புதுப்படம். அப்பா அவசர அவசரமாகத் தாளை எழுதி முடித்து, "பாப்பா, இதை முசியேகிட்ட குடுத்துடு" என்று சொல்லிவிட்டு ஓடினார். தாளும் புத்தகமும் என் முன்னால் கிடந்தன. நான் எங்கள் பள்ளியில் கையெழுத்துக்குப் பரிசு வாங்கியவள். அடுத்தவர் எழுத்தில் குற்றம் கண்டுபிடிப்பது அப்போதே பழக்கம். இப்போதும் போகவில்லை. புத்தகத்தோடு ஒப்பிட்டுப் பார்த்தேன். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது.

பிளாக் பெப்பர் என்ற குதிரைக்குக் கடைசி ஐந்து ஓட்டங்கள் புத்தகத்தில் 8-7-6-5-4 என்று இருந்தன. அப்பாவின் தாளில் 4-5-6-7-8. அடுத்த குதிரை, அதுவும் தலைகீழ். அதற்கடுத்தது, அதுவும். ஒன்றுவிடாமல் எல்லாக் குதிரைக்கும் ஐந்து எண்களையும் அப்பா திருப்பிப் போட்டிருந்தார்.

தூக்கக் கலக்கம் என்று முடிவு கட்டினேன். ராத்திரி ஆட்டம் முடிந்து வந்து பாதித் தூக்கத்தில் எழுந்தவர். முசியேவின் தலையெழுத்தே நாளைக்கு முடிவாகப்போகிறது, இப்படிப்பட்ட தாளையா கொடுப்பது? புதுத் தாளை எடுத்தேன். ஸ்கேல் வைத்துக் கோடு போட்டேன். புத்தகத்தில் இருந்ததை இருந்தபடியே, முத்து முத்தாக எழுதினேன். அப்பாவின் தாளைக் கிழித்து அடுப்பில் போட்டேன். என் தாளை முசியேவிடம் கொடுத்துவிட்டு மாடிப்படியில் இரண்டிரண்டாகத் தாவி ஏறினேன். ஒரு மனுஷனைக் காப்பாற்றிவிட்டேன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஞாயிறு மத்தியானம் எல்லாரும் முசியேவின் கூடத்தில். மார்க்கெட் அடங்கிவிட்ட நேரம். லேஸ் துணியை எடுத்துவிட்டு டெலிபோனை மேஜை நடுவில் வைத்திருந்தார்கள். முசியே முழுக்கால் சட்டை போட்டு, பெல்ட் கட்டி, மெடல் குத்தாத குறையாக உட்கார்ந்திருந்தார். அண்ணன் பக்கத்தில். அப்பா சுவரோரம். நானும் அம்மாவும் வாசற்படியில்.

முதல் போன் வந்தது. முசியேவின் குதிரை கடைசி.

"ஒண்ணுதானே," என்றார் முசியே.

இரண்டாவதில் ஆறாவதாக வந்தது. மூன்றாவதில் பாதி ஓட்டத்திலேயே பின்தங்கிவிட்டது என்று கண்டக்டர் கத்தினார். அப்பாவின் முகத்தில் குழப்பம். தான் எழுதிய தாளை வைத்து முசியே எந்தெந்தக் குதிரையை எடுப்பார் என்று அவருக்கு மனப்பாடமாகத் தெரியும். இவை அவை இல்லை. நான்காவதும் போனது. அப்பா எழுந்து மேஜைக்கு வந்து தாளைப் பார்த்தார். ஸ்கேல் கோடு. முத்து முத்தான எழுத்து.

நிமிர்ந்து என்னைப் பார்த்தார். நான் பெருமையாகச் சிரித்தேன். அந்தச் சிரிப்பை நினைத்தால் இப்போதும் உடம்பு கூசுகிறது.

அண்ணன் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தார். "போதும் பப்பா. இன்னும் ரெண்டு கேட்டு இன்னா ஆகப்போவுது?"

"முசியே மேல தப்பு இல்ல," என்றார் அப்பா. "தப்பு என்னுது."

"உன்னுதா?" என்றார் முசியே.

"முசியே, நீங்க அஞ்சு நம்பரையும் இடது பக்கத்துலேர்ந்து படிக்கறீங்க. மொத நம்பர்தான் கடைசியா ஓடின ஓட்டம்னு நெனைக்கறீங்க. இந்தப் புஸ்தகத்துல அப்படி இல்ல. வலது கோடியில இருக்கறதுதான் கடைசியா ஓடினது. ஒரு தடவை சொல்ல வந்தேன். நாப்பது வருஷமா ரேஸ் பாக்கறேன்னு சொல்லிட்டீங்க. மேல பேச எனக்கு வாய் வரல. அப்புறம் கண்ணு தெரியாம நான் எழுதித் தர ஆரம்பிச்சேன் இல்ல, அப்பலேர்ந்து நம்பரைத் திருப்பிப் போட்டுதான் தந்தேன். நீங்க படிக்கறது சரியா வந்துடும்னு. இன்னிக்குத் திருப்பாம எழுதிட்டேன்."

எழுதியது நான் என்று அவர் சொல்லவில்லை. அப்போதுதான் எனக்கு உறைத்தது. அந்தப் பருவத்தில் புத்தகத்தில் உள்ளபடியே எழுதப்பட்ட முதல் தாள் அதுதான், அதுதான் அவரைக் கவிழ்த்தது. நான்தான் என்று முன்னால் போய் நின்றிருக்க வேண்டும். அம்மாவின் புடவைக்குப் பின்னால் போய் நின்றேன். பதின்மூன்று வயதுக் கழுதை, முந்தானையைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

முசியே தாளைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். "அப்ப நான் ஜெயிச்சதெல்லாம்?"

"நீங்கதான் ஜெயிச்சீங்க முசியே. நான் நம்பரை மட்டும்தான்…"

"என்னைக் கொழந்தை ஆக்கிட்டியே கமராட்." அதைச் சத்தமாகச் சொல்லியிருந்தால்கூடத் தேவலை. "சோத்தைப் பெசைஞ்சு ஊட்டற மாதிரி ஊட்டியிருக்கே. ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?"

அப்பா தலை குனிந்து நின்றார். அவர் செய்தது அன்பினால்தான். ஆனால் அந்தக் கூடத்தில் அது ரொம்ப அசிங்கமாகத் தெரிந்தது.

அண்ணன் எரிச்சலோடு ரேஸ் புத்தகத்தைப் பிடுங்கிப் பார்த்தார். "இன்னா சொல்றீங்க நீங்க? எனக்கு ஒண்ணும் புரியல. பப்பா படிச்சதுல என்ன தப்பு? மொத நம்பர்தானே கடைசி ஓட்டம்? நான் ஞாயித்துக்கெழம ஞாயித்துக்கெழம காப்பிக்கடையில தியெர்சே ஆடறேன். எல்லாப் பேப்பர்லயும் அப்படித்தானே போடறான்!"

தியெர்சே என்பது அங்கே முதல் மூன்று குதிரையைக் கண்டுபிடிக்கிற பந்தயமாம். அப்பா புத்தகத்தின் அடியில் இருந்த ஒரு பொடி வரியில் விரலை வைத்தார். அண்ணன் குனிந்து படித்தார். மறுபடி படித்தார். காது சிவந்தது.

முதலில் முசியேவின் தோள்தான் குலுங்கியது. அழுகிறார் என்று அம்மா ஒரு அடி எடுத்து வைத்தாள். அவர் சிரித்துக்கொண்டிருந்தார். "பட்டாளத்துல காப்பிக்கடையில கத்துக்கிட்டேன்டா. அதே கடையில நீயும் கத்துக்கிட்டு இருக்கே! எனக்குத் தலை சரியில்லேன்னா உனக்கும் சேத்து டாக்டரைப் பாக்கணும்." அண்ணனுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. அப்பா மட்டும் சிரிக்கவில்லை.

ஆனால் சொன்ன சொல் சொன்ன சொல்தானே. "ஆட்டம் முடியல," என்றார் முசியே. "இன்னும் ரெண்டு இருக்கு." ஐந்தாவதுக்குக் கண்டக்டர் அதற்குள் கட்டியிருப்பார். மிச்சம் இருந்தது ஆறாவது. "பெத்தீத், வா. ஆறாவது ரேசைப் படி. புஸ்தகத்துல இருக்கற மாதிரியே படி. வலது பக்கத்துலேர்ந்து."

முந்தானையை விட்டுவிட்டுப் போனேன். ஒன்பது குதிரைகளையும் படித்தேன். கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். இடையில் ஒரு இடத்தில் கையைத் தூக்கினார்.

"பிளாக் பெப்பரைத் திரும்பப் படி."

"கடைசியா நாலாவது. அதுக்கு முன்னாடி அஞ்சு. ஆறு. ஏழு. எட்டு. எடை அம்பது கிலோ. விலை பன்னெண்டு."

"ஒவ்வொரு தடவையும் ஒரு படி ஏறி வர்றான். தூரமும் இந்தத் தடவை கூட. மெதுவா சூடாகறவனுக்கு நீளமான ஓட்டம் நல்லது. எடை கொறைச்சல். அஞ்சு விலை குடுத்தாலே நியாயம், பன்னெண்டு குடுக்கறான்." கண்ணைத் திறந்து அப்பாவைப் பார்த்தார். "என்ன கமராட்?"

"சங்கரா மீன், முசியே," என்றார் அப்பா. அவருக்குக் கண் கலங்கியிருந்தது.

ஐந்தாவதும் தோற்றுப்போனதைச் சொல்ல கண்டக்டர் கூப்பிட்டபோது முசியே, பழைய சீட்டைக் கிழித்துவிட்டு ஆறாவதில் பிளாக் பெப்பரைக் கட்டச் சொன்னார். அது மட்டும் வந்தால் போதும், ஐந்தில் போனதெல்லாம் திரும்பி மேலேயும் வரும். வராவிட்டால் பெட்டி.

அந்த அரை மணி நேரத்தில் யாரும் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. தெருவில் ஒருவன் பழைய பேப்பர், பழைய இரும்பு என்று கூவிக்கொண்டு போனான். முசியே சுவரில் மாட்டியிருந்த மதாமின் போட்டோ பக்கம் பார்க்கவே இல்லை. போன் அடித்தது. அவர் கையை நீட்டி, பிறகு மடியில் வைத்துக்கொண்டார்.

"நீ எடு," என்றார் மகனிடம்.

அண்ணன் ரிசீவரைக் காதோடு அழுத்தி வைத்துக்கொண்டார். தலையை ஆட்டினார். "சரி. சரி." வைத்த பிறகும் அவர் கை ரிசீவர் மேலேயே இருந்தது. பிறகு திரும்பினார்.

"ஜெயிச்சுடுச்சு பப்பா."

அம்மா கன்னத்தில் போட்டுக்கொண்டாள். முசியே எழுந்து நின்று மகனின் இரண்டு கன்னத்திலும் முத்தம் கொடுத்தார். அப்பாவைப் பார்த்து நெற்றியில் கை வைத்து ஒரு சல்யூட். அண்ணன் அங்கேயே டிக்கெட்டைக் கிழித்தார். போகும்வரை வீட்டில் இருந்து, பால் பொங்கினால் சத்தம் போடும் பாத்திரம் ஒன்று, பெரிய எழுத்தில் உப்பு, சர்க்கரை என்று ஒட்டிய டப்பாக்கள் எல்லாம் வாங்கி வைத்தார். அம்மாவிடம் தினம் இரண்டு தடவை கீழே எட்டிப் பார்க்கச் சொன்னார். அவள் ஏற்கனவே பத்து தடவை பார்த்துக்கொண்டிருந்தாள்.

அண்ணன் பிரான்சுக்குப் போன பிறகு தாள் எழுதும் வேலை என்னிடம் வந்தது. முசியேவே கேட்டார். புத்தகத்தில் உள்ளபடி எழுத வேண்டும், திருப்புவதெல்லாம் கூடாது. அவர் வலமிருந்து படிக்கப் பழகிக்கொண்டார். அடிக்கடி தோற்றார். முன்னைவிடக் குஷியாக இருந்தார்.

ஒரு சனிக்கிழமை புத்தகத்தில் பிளாக் பெப்பர் மறுபடியும் வந்தது. ஆசையாக அந்த வரிக்குப் போனேன். 7-6-5-4-3.

வலது கோடியில் ஒன்று இருக்க வேண்டும். மூன்று இருந்தது. அச்சுப் பிழை என்று நினைத்து, கண்ணாடிக்கு முன்னால் சவரம் செய்துகொண்டிருந்த அப்பாவிடம் கொண்டுபோய்க் காட்டினேன். அவர் பிளேடைக் கழுவினார்.

"பிழை இல்ல பாப்பா. அண்ணன் போனை எடுத்தப்ப நான் பக்கத்துலதான நின்னேன். கண்டக்டர் கொரலு உனக்குத் தெரியாதா? மூணாவதுன்னுதான் சொன்னாரு."

"அப்ப பணம்?"

"மறுநாள் விடிகாலையில அண்ணன் பஸ் ஸ்டாண்டுக்குப் போயி கண்டக்டர் கையில குடுத்துட்டு வந்தாரு. அவரு கொண்டாந்து முசியேகிட்ட குடுத்தாரு."

அப்பா முகத்தைத் துடைத்துக்கொண்டார். "நான் மாத்தி மாத்தி எழுதிப் பட்டது போதும். இப்ப தாளு உன் கையில. நீ பாத்துக்க."

ஸ்கெட்ச் பேனா மூடியைத் திறந்து வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தேன். புத்தகத்தில் உள்ளபடி எழுதுவேன் என்று அப்பாவின் தாளையே அடுப்பில் போட்டவள் நான். விரல் வியர்த்து மை ஒட்டியது. 7-6-5-4 வரை எழுதினேன். பிறகு 1 என்று எழுதினேன். அப்போது எனக்கு முசியேமேல் இருந்த அன்பு, அண்ணன்மேல் இருந்த மரியாதை, இதை என் தலையில் போட்ட அப்பாமேல் இருந்த கோபம் எல்லாம் அந்தக் கோட்டில் இருந்தன.

கீழே கொண்டுபோய்க் கொடுத்தேன். முசியே பூதக்கண்ணாடியோடு வலது கோடியிலிருந்து வந்தார். பிளாக் பெப்பரில் நின்றார்.

"போன தடவை ஒண்ணு."

"ஆமா முசியே."

"இப்ப எடை எவ்ளோ போட்டிருக்கே?"

"அம்பது."

"அன்னிக்கும் அம்பதுதான்."

"ஆமா."

கண்ணாடியைக் கீழே வைத்தார். "பெத்தீத், ஜெயிச்ச குதிரை முதுகுல அடுத்த தடவை எடையை ஏத்துவான். எல்லாக் குதிரையும் ஒண்ணா வந்து சேரணும்னுதான் எடையே வைக்கறது. இவனுக்கு அரைக் கிலோகூட ஏத்தலியே. விலையும் பத்துன்னு இருக்கு. ஜெயிச்சவனுக்கு எவன் பத்து குடுப்பான்?"

நான் எண்ணை மாற்றினேனே தவிர, எடையையும் விலையையும் மாற்ற வேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை. தரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். கண்ணீர் சொட்டியது. அவர் திட்டவில்லை. என் தலையில் கையை வைத்தார். தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டார். டெலிபோன் மேல் கிடந்த லேஸ் துணியை எடுத்தார்.

"பிரான்ஸ் நம்பர் போடத் தெரியுமா உனக்கு? எழுதி வச்சிருக்கான் பாரு, பெரிசா."

போட்டுக் கொடுத்தேன். வெகு நேரம் மணி அடித்து, அந்தப் பக்கம் அண்ணன் தூக்கக் குரலில் பேசினார். வாரா வாரம் அவர்தான் கூப்பிடுவார். முசியே தானாகக் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. பயந்துபோயிருப்பார்.

முசியே பிரெஞ்சில் பேசினார். எனக்கு அதில் ஒரே ஒரு வார்த்தைதான் புரிந்தது, நன்றி சொல்கிற வார்த்தை. மெர்சி என்றார். கொஞ்சம் நிறுத்தி, மறுபடியும் மெர்சி என்றார். எதற்கு, எதற்கு என்று அண்ணன் தமிழுக்கு மாறிக் கேட்டுக்கொண்டே இருப்பது எனக்கே கேட்டது. முசியே சொல்லவில்லை.